பிட்டுக்கு மண் சுமந்த பெருமான்

மார்கழித் திருவெம்பாவைக் காலத்திலே ஈழத்துச் சைவ ஆலயங்களில் திருவாதவூரடிகள் புராணம் படித்துப் பயன் சொல்லுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். மட்டக்களப்பு மண்ணிலே அதுவே மாரி மழைக் காலமுமாகும். மண்சுமந்த சருக்கத்திலே வைகை பெருகும் கதை படிக்கப்படும்போது, குளம் வான் பாயுமோ என்ற கவலையோடு கேட்டிருப்பவர் பலர்.

வைகை பெருகி மதுரை கலங்கியபோது, வீட்டுக்கு வீடு கரையைப் பங்கிட்டு அடைக்குமாறு பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு அவித்து விற்றுப் பிழைத்த வந்தி என்னும் மூதாட்டிக்கும் ஒரு பங்கு விழுந்தது. பிள்ளையுமில்லை, ஆளுமில்லை. அவள் சொக்கநாதரை நினைந்து கலங்கி நிற்க, பெருமான் கூலியாளாக வந்தருளினார். அடியார்கள் இங்கே ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். நினைத்த மாத்திரத்தில் கரையை அடைக்க வல்லவர் அவர். அப்படியிருந்தும், “நான் உனக்கு உதவி செய்ய வந்தேன்” என்று அவர் சொல்லவில்லை, கூலி கேட்டார். உதிர்ந்த பிட்டே போதுமென்று, துணியை விரித்து ஏந்தி வாங்கி உண்டார். வந்தி இரந்து பெற்றவளாகவில்லை. கூலி கொடுத்து வேலை கொண்டவளானாள். அவளுடைய மானத்தைக் காத்த பின்னரே அவர் மண்வெட்டியைத் தொட்டார்.

2011 ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்குச் சில நாட்களே இருந்த வேளையில் கிழக்கிலே பெருவெள்ளம் வந்தது. கிழக்கிலும் அயல் மாவட்டங்களிலுமாகப் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்கள் பல, வீதிகள் நீரில் மூழ்கியதால் துண்டிக்கப்பட்டன. படகுகளிலும் உழவு இயந்திரங்களிலும் ஹெலிகொப்டர்களிலும் உணவு கொண்டு செல்லப்பட்டது. பெப்ரவரியில் மீண்டும் ஒரு வெள்ளம் வந்தது. அறுவடையை நெருங்கியிருந்த முன்மாரி வேளாண்மை நீரோடு போயிற்று.

படுவான்கரை என்பது நெல் விளையும் பூமி. புது நெல்லைக் குத்திப் பொங்கலிட்டு, வந்தவர்க்கெல்லாம் சோறிட்டு வாழ்ந்தவர்கள் அங்குள்ளோர். அத்தகையவர்கள் அந்தத் தைப்பொங்கலுக்கு அரிசிப் பொதிக்காகக் கைநீட்டி நிற்க வேண்டியதாயிற்று. பசியிலும் பார்க்க அந்த நிற்றல் கொடிது. வெள்ள காலத்தில் வரிசைக்கு வராமலே வீட்டில் இருந்துவிடும் முதியோர் எல்லா ஊரிலும் உண்டு. நடக்க முடியாமல் இருப்பவர் சிலர். வெட்கத்தால் இருப்பவரே அதிகம். அவர்களுடைய பொதியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய், “ஆச்சி, இது உங்கட பங்கு” என்று வைத்துவிட்டு வருவதற்கு ஒருவர் வேண்டும். கூப்பிட்டுப் படம் எடுப்பதற்கல்ல.

ஆலய மண்டபத்திலே தங்கியிருப்போருக்குச் சமைத்த உணவைப் பொட்டலமாகக் கொடுப்பதிலும், அரிசியும் பருப்பும் தேங்காயும் கொடுத்து அவர்களையே அடுப்பு மூட்ட விடுவது மேல். தன் கையால் அகப்பை பிடித்தவள், வீடு மூழ்கியிருந்தாலும் வீட்டுக்காரியாகவே இருப்பாள். வந்தி பிட்டு அவித்ததும் இதுதான். ஏந்துகின்ற கை தாழ்ந்த கையென்று யாரும் கூச வேண்டியதுமில்லை. வைகைக் கரையிலே துணி ஏந்தி நின்றவர் யாரென்று சைவர்கள் அறிவார்கள்.

பிட்டு உண்ட கூலியாள் ஆடிப்பாடித் திரிந்து கரையிலே உறங்கினார். மன்னன் கோபித்துப் பிரம்பால் அடித்தான். அந்த அடி மன்னன் மேலும், அரசியர் மேலும், கருவிலிருந்த குழந்தை மேலும், சகல உயிர்கள் மேலும் பட்டது. நிவாரண வரிசையிலே ஒருவரைப் பார்த்து, “நேற்றும் வாங்கினாய்தானே” என்று பலர் கேட்கச் சொல்லும் சொல்லும் ஒரு பிரம்புதான். அது வரிசையில் நிற்கும் அத்தனை பேருடைய முதுகிலும் படுகிறது.

அடிபட்டவர் ஒரு கூடை மண்ணை உடைப்பிலே கொட்டிவிட்டு மறைந்தருளினார். வந்தியின் பங்குக் கரை அந்த ஒரு கூடை மண்ணாலே அடைபட்டது. கூலியை அவள் முன்னரே கொடுத்துவிட்டாள்.