பிறர் நம்பி எழுதிய மடல்கள்

கல்வராயன் மலைப் பள்ளியொன்றில் நெடுங்காலம் பணியாற்றிய என் தமையனார் கள்ளக்குறிச்சியில் காலமானபோது, பழைய மாணாக்கர்க்குச் செய்தி சொல்ல வழியில்லை. எண்கள் யாவும் பூட்டிய கைப்பேசிக்குள் இருந்தன. அவர் மைந்தன் கடவுச்சொல்லை ஊகித்துத் திறந்தான். செய்தி சென்றது. ஆனால், அவரொருவரையே நம்பி மாணாக்கர் சிலர் எழுதியிருந்த குடும்பத் துயரங்களும் அவன் கண்ணிற்பட்டன.

கூகுள் நிறுவனம் 2013 முதல் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. 3 முதல் 18 திங்களுக்குள் நாம் குறித்த காலம்வரை கணக்கு பயன்படாதிருந்தால், நாம் பெயர் குறித்த 10 பேர் வரை அறிவிப்பும், நாம் இசைந்த தரவும் செல்லும். முழுதும் அழிக்கவும் பணிக்கலாம். நன்றே. எனினும் வீடும் நிலமும் போல அம்மடல்களும் நம் உடைமைதாமா? மறைவுரையை வெளிப்படுத்துதலையும் அடைக்கலப் பொருளைக் கவர்தலையும் தத்துவார்த்த சூத்திரம் வாய்மை நோன்பின் அதிசாரங்களாக ஒருங்கே எண்ணுகிறது. எழுதியவர் இசைவின்றி மடலை மைந்தனுக்கு விட்டுச்செல்வது இவ்விரண்டையும் ஒக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அழிக்கும் வேலையையும் அவனிடம் விடலாகாது; படியாமல் அழிப்பவர் யார்?

உற்றார், நண்பர் எண்களைக் குறிப்பேட்டில் எழுதிப் பெட்டியில் வைத்துள்ளேன். மடல்களை அழித்துவருகிறேன். தமையனார் எழுதியவற்றின்மேல் மட்டும் இன்னும் கை செல்லவில்லை.