காயம்பட்டவர்கள் என்ன ஆனார்கள்?

வல்லத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும்போதெல்லாம் கோட்டை மலைகள் நம் கண்ணில் படுகின்றன. இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் திருவுருவங்களைப் பாறையில் தாங்கி நிற்கும் திருநாதர்குன்றும் அதே செஞ்சியில்தான் உள்ளது. போரின் நினைவும் அகிம்சையின் நினைவும் அருகருகே நிற்கும் ஊர் இது.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், 1714-இல் போரில் மாண்ட தேசிங்கு ராஜனின் வரலாற்றை ஒருநாள் வகுப்பில் கூறினோம். முடித்தவுடன் ஒரு மாணவி எழுந்து, "காயம்பட்டவர்கள் என்ன ஆனார்கள், டீச்சர்?" என்று கேட்டாள். பாடநூலில் அதற்கு விடை இல்லை, நம்மிடமும் இல்லை. அவள் தந்தை இராணுவத்தில் ஒரு காலை இழந்து வீடு திரும்பியவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். பழங்கள் வாங்கிக்கொண்டு அவரைக் காணச் சென்று ஆறுதல் கூறினோம். அவரோ, "பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏதாவது வேலை கிடைக்குமா, அம்மா?" என்று கேட்டார். "பார்க்கலாம்" என்று சொல்லி வந்தோம். பிறகு பார்க்கவில்லை.

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் போர்வீரனை எவ்வாறு நோக்குவது? இந்த ஐயம் நம்மவர் சிலர் உள்ளத்தில் உண்டு. நம் ஆன்றோர் துறவியின் மகாவிரதத்தையும் இல்லறத்தாரின் அணுவிரதத்தையும் வேறுபடுத்திக் காட்டினர். எண்ணித் துணிந்து செய்யும் இம்சையை இல்லறத்தார் விலக்கியே ஆகவேண்டும். தற்காப்பில் நேரும் விரோதி இம்சையை அவர்களால் முற்றும் விலக்க இயலாது என்றனர். அதுவும் வினையே. ஆயினும், காயமுற்றவன் எதிரே நிற்கையில் அவனது வினைக்கணக்கை எழுதுவது நம் பணியன்று. அவன் துன்பம் குறைய நாம் என்ன செய்தோம் என்பதே நமக்குரிய கணக்கு.

மராட்டிய மாநிலத்தைச் சேர்ந்த முரளிகாந்த் பேட்கர் 1965 போரில் குண்டடிபட்டார். முதுகெலும்பில் பாய்ந்த குண்டு அவரை இடுப்புக்குக் கீழே செயலற்றவராக்கியது. சிகிச்சைக்காக நீந்தத் தொடங்கியவர், 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடைபெற்ற பாராலிம்பிக் போட்டியில் 50 மீட்டர் தூரத்தை 37.33 விநாடிகளில் நீந்தித் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அதுவே. பின்னர் புனேயில் டெல்கோ நிறுவனத்தில் பணியாற்றினார். பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்த ஆண்டு 2018. அவர் மீண்டெழ ஏழு ஆண்டுகள் போதுமாயின. அதைக் கண்டு போற்ற நாட்டுக்கு 46 ஆண்டுகள் தேவைப்பட்டன.

1971 போரில் கண்ணிவெடியால் சிதைந்த தம் காலைக் குக்ரிக் கத்தியால் தாமே துண்டித்துக்கொண்டவர் இயான் கார்டோசோ. செயற்கைக் காலுடன் படையிலேயே தொடர்ந்து, காலாட்படைப் பட்டாலியன் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் மாற்றுத்திறனாளி அதிகாரி ஆனார். மேஜர் ஜெனரலாக உயர்ந்தார்.

இவர்களின் நம்பிக்கை, இழந்தது திரும்பி வரும் என்ற காத்திருப்பு அன்று. எஞ்சியதைக் கொண்டு இன்று என்ன செய்யலாம் என்ற முயற்சியே அது. ஆனால் முயல்வதற்கு ஒரு குளமும், பதவியும், வேலையும் வேண்டுமல்லவா? அவற்றைத் தரவேண்டியவர் பிறரே. மேலும், காயமுற்றோர் எல்லோரும் பதக்கம் வெல்வதில்லை. வென்றவரை மட்டுமே மதிப்போம் என்றால் அது மதிப்பாகாது, பேரமாகும்.

இங்கு நமக்கு வழிகாட்டும் செயல் ஒன்று உண்டு. 1968-இல் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே.சேத்தியும் சேர்ந்து ஜெய்ப்பூர் காலை உருவாக்கினர். அதை அணிந்தவர் வெறுங்காலுடன் நடக்கலாம், சேற்று வயலில் இறங்கலாம், தரையில் குந்தி அமரலாம். அதாவது, நம் நாட்டு உழைப்பாளியின் வாழ்வை அறிந்து செய்த கால் அது. 1975-இல் டி.ஆர்.மேத்தா பகவான் மகாவீரரின் பெயரால் ஒரு சமிதியை நிறுவி, அக்காலை இலவசமாக வழங்க வழிசெய்தார். அகிம்சை தீங்கு செய்யாமையோடு நின்றுவிடாமல், ஒருவரை எழுந்து நடக்கவும் வைக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஸ்திதிகரணம் ஒன்று. அறநெறியில் தளர்ந்தோரை மீண்டும் நிலைநிறுத்துதல் என்பது அதன் பொருள். உடல் தளர்ந்து உள்ளம் சோர்ந்தோர்க்கும் அதனை விரித்துக்கொள்ளுதல் தகும். நம் ஆலயப் படிகளின் அருகே ஒரு சாய்தளம், நம் கடையில் ஒரு பணி, நம் அறக்கட்டளையில் ஒரு பொறுப்பு: இவை நம்மால் இயலாதவை அல்ல.

அந்த மாணவியின் கேள்விக்குரிய விடையைப் பாடநூலில் தேடியது நம் பிழை. காயம்பட்டவர்கள் என்ன ஆவார்கள் என்பது, அவர்கள் வீடு திரும்பும் ஊரைப் பொறுத்தது. அன்று அவள் தந்தைக்குப் பழம் கொடுத்தோம், இடம் கொடுக்கவில்லை. இதைப் படிக்கும் அன்பர்கள் நம்மைப்போல் "பார்க்கலாம்" என்று சொல்லி வந்துவிடாதிருப்பார்களாக.