மூச்சு வாங்கும் இடம்

இசையமைப்பாளர் ஃப்ரான்ஸ் ஷூபர்ட் 1827இல் எழுதிய ‘விண்டர்ரைசெ’ 24 பாடல்கள் கொண்ட தொடர். காதலை இழந்த ஒருவன் இரவோடு இரவாக ஊரைவிட்டு வெளியேறிப் பனியில் நடக்கிறான். துணைக்கு இருப்பது பியானோ மட்டும். பியானோவுக்கு மூச்சு கிடையாது. எழுபது நிமிடங்களுக்கும் மேல் நீளும் அந்த இசையில் மூச்சு வாங்கும் உயிர் பாடுபவன் ஒருவன்தான். அவனுடைய தனிமை சொற்களில் மட்டுமல்ல, இந்த அமைப்பிலேயே இருக்கிறது.

இந்தத் தொடரைக் குரலுக்கும் காற்றுக்கருவிகளுக்கும் மாற்றி எழுதுபவர் அந்தத் தனிமையில்தான் கைவைக்கிறார். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பாசூன் என ஐந்து பேர் பாடகனின் பக்கத்தில் அமர்ந்து அவனைப் போலவே மூச்சு வாங்குவார்கள்.

வேலையின் பெரும்பகுதி பொறுமையைக் கேட்கும் கணக்குதான். பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஒலிக்க வேண்டியதைவிட ஒரு முழுச்சுரம் மேலே எழுத வேண்டும்; எஃப் ஹார்னுக்கு ஐந்தாம் சுரம் மேலே. பியானோவில் தட்டிய சுரம் அந்தக் கணமே தேயத் தொடங்கிவிடும். ஊதும் சுரம் ஊதுபவர் விடும்வரை நிற்கும். ஆகவே ஒவ்வொரு சுரமும் எங்கே தணிய வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்று எழுதியாக வேண்டும். கிளாரினெட் நிசப்தத்திலிருந்து எழுந்து நிசப்தத்துக்கே திரும்பும். ஓபோவுக்கு அடிச்சுரங்களில் அந்த மென்மை எளிதில் வராது.

இவையெல்லாம் பழகினால் கைவரும். ‘லிண்டன்பவும்’ என்ற ஐந்தாம் பாடல்தான் மனசாட்சியைச் சோதிக்கிறது. அதன் முன்னிசையில் இலைகளின் சலசலப்புக்குப் பிறகு பியானோ ஹார்னைப் போல ஒலிக்கிறது. கவிதைகளை எழுதிய வில்ஹெல்ம் மியுல்லர், அவை இடம்பெற்ற தொகுதிக்கே ஊர் சுற்றும் ஹார்ன்காரன் ஒருவன் விட்டுச்சென்ற தாள்கள் என்று பொருள்படத்தான் பெயர் வைத்தார். அந்த இடத்தை ஹார்னுக்கே கொடுத்துவிடலாம் என்று கை துடிக்கும். ஆனால் ஷூபர்ட் எழுதியது ஹார்னை அல்ல, ஹார்னின் நினைவை. அசல் கருவி ஊதினால் தொலைவில் இருக்க வேண்டியது பக்கத்தில் வந்து நின்றுவிடும். அந்த அழைப்பைத் தாழ்ந்த குரலில் இரண்டு வேறு கருவிகளிடம் கொடுத்துவிட்டு, ஹார்னைச் சும்மா இருக்கவிடுவதே நேர்மை என்று நினைக்கிறேன்.

மூச்சுக்கும் அதே நேர்மை வேண்டும். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் சுரத்தைத் தாங்கிக்கொள்ளும்படி மாற்றி மாற்றி எழுதினால், ஐவர் இருப்பதே தெரியாமல் செய்யலாம். பாடகன் தனியாக நடப்பான்.

கடைசிப் பாடலில் அவன் ஒரு மனிதரைச் சந்திக்கிறான். பனியில் வெறுங்காலோடு நின்று, கேட்பார் இல்லாமல் ஹர்டி கர்டி என்ற இசைக்கருவியின் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டிருக்கும் கிழவர். பியானோவின் இடக்கை முதலிலிருந்து முடிவுவரை நம் சட்ஜமம், பஞ்சமம் போன்ற இரு சுரங்களையே பிடித்துக்கொண்டிருக்கிறது. கனடாவின் ஓபோ கலைஞர் நோர்மான் ஃபோர்ஜே இத்தொடரை மாற்றி எழுதியபோது, காற்றுக்கருவி ஐவரோடு அக்கார்டியனையும் சேர்த்துக்கொண்டார். காற்றால் ஒலிக்கும் அந்தத் துருத்தி இங்கே தன் இடத்தைக் கண்டுகொள்கிறது.

1828 நவம்பரில், 31 வயதில், மரணப் படுக்கையில் ஷூபர்ட் இத்தொடரின் இரண்டாம் பகுதி அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்தப் பகுதியின் இறுதிப் பாடல் இது. இருபத்துமூன்று பாடல்களில் மறைத்துவைத்த மூச்சை இங்கே மறைக்க வேண்டியதில்லை. சுரத்தை நிறுத்திவிட்டு ஒருவர் மூச்சு வாங்கட்டும். அது அரங்கில் கேட்கட்டும். அவன் பக்கத்தில் இப்போது இன்னொருவர் இருக்கிறார்.