பூங்கா எவருக்குப் பகை?

திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் ஆலயத்திற்குச் செல்வோரில், அங்குள்ள குரா மரத்தை வணங்காது திரும்புவோர் அரியர். மரமும் ஓரறிவுயிர் என்பதை இளமையிலேயே கேட்டு வளர்ந்தவர் நாம். அண்மையில் ஏனாத்தூரில் நம்மவர் சிலர் கூடி உரையாடியபோது, இலங்கைப் போரில் சிதைந்த யாழ்ப்பாணத்துச் சுப்பிரமணியம் பூங்காவைப் பற்றிய பேச்சு எழுந்தது. அப்போது இளைஞர் ஒருவர் வினவினார்: “எண்ணற்ற மனிதர் மாண்ட போரில், ஒரு பூங்கா அழிந்ததற்கு வருந்துவது முறையாகுமா?” அவ்வினாவை எளிதில் தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

யாழ் நகரில், பொது நூலகத்தின் அருகே, கோட்டைக்கும் முற்றவெளிக்கும் அண்மையில் அமைந்தது அப்பூங்கா. மாலை வேளையில் பெற்றோர் தம் மக்களை விளையாட அழைத்து வரும் இடம் அது. அண்டையிலிருந்த நூலகம் 1981ஆம் ஆண்டில் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 1990இல் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது அச்சுற்றுப்புறமே போர்முனையாயிற்று. 1995 அக்டோபர் இறுதியில் இலட்சக்கணக்கான மக்கள் வலிகாமத்தை விட்டு வெளியேறினர். 2009இல் போர் முடிந்தது. இன்று பூங்கா சீரமைக்கப்பட்டு, குழந்தைகளின் ஆரவாரம் அங்கு மீண்டும் கேட்கிறது.

இனி வினாவுக்கு வருவோம். இம்சையை நம் பெரியோர் நால்வகையாகப் பகுத்தனர். வேண்டுமென்றே செய்வது சங்கல்பி; இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்பி; தொழிலில் நேர்வது உத்தியோகி; தற்காப்பில் நேர்வது விரோதி. இல்லறத்தார் முதலாவதை அறவே விடக் கடமைப்பட்டவர். ஏனைய மூன்றையும் முற்றிலும் விட அவர்க்கு இயலாது. போரிடும் இரு திறத்தாரும் நான்காவதையே தமக்குக் காவலாகக் காட்டுவர். ஆனால் நிழல் தந்த மரம் எவருக்குப் பகை? ஊஞ்சலாடிய குழந்தை எவரை எதிர்த்தது? பகையற்ற உயிரின்மேல் பாயும் செயலுக்குத் தற்காப்பு என்னும் பெயர் பொருந்தாது. மரத்தை வீழ்த்தும் குண்டு, அதன் கீழ் நிற்பவர் யாரென்றும் பார்ப்பதில்லை. ஆதலின் பூங்காவுக்காக வருந்துவது மாண்ட மனிதரை மறப்பதாகாது. இரண்டு அழிவுக்கும் வேர் ஒன்றே.

அவ்வேர் போர்க்களத்தில் மட்டும் உள்ளதா? காஞ்சியோடு தொடர்புடையவராக மரபு போற்றும் சமந்தபத்திர ஆசாரியர், இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் பயனற்ற தீங்குகளை ஐந்தாக வகுத்தார். மண்ணை வீணே அகழ்தலும் செடிகொடிகளை வீணே வெட்டுதலும் அவற்றுள் ஒன்றாகிய பிரமாதசரியை. படைக்கலம் வழங்குதல் இம்சாதானம். பிறர்க்குக் கேடு நினைத்தல் அபத்தியானம். மனத்தைக் கலக்கும் தீயவற்றைக் கேட்டல் துசுருதி. பாவச் செயலுக்கு வழிகூறல் பாவோபதேசம்.

இவற்றை நம்மீது பொருத்திப் பார்த்தால் நாணம் மிகுகிறது. போர் நடந்த ஆண்டுகளில் நாம் படைக்கலம் எடுத்தோமில்லை, எவருக்கும் வழங்கினோமில்லை. ஆயினும் காலையில் நாளிதழை விரித்து, எதிர்ப்பக்கத்தில் வீழ்ந்தோர் தொகையை எண்ணி உள்ளூர மகிழ்ந்ததில்லையா? வீழ்ந்தவனும் ஒரு தாயின் மகன் என்பதை அந்நேரம் மறந்தோம். புலாலை விலக்கி, இரவுணவைத் தவிர்த்து, நீரை வடிகட்டிப் பருகும் நாம், அபத்தியானத்தைக் காலை உணவோடு சேர்த்து உட்கொண்டோம். இன்றோ தொலைதேசத்துப் போர்களும் கைப்பேசியில் காட்சிகளாய் வந்து சேர்கின்றன. ஒரு பக்கம் சேர்ந்து களிப்பது முன்னினும் எளிதாகிவிட்டது.

துன்புறுவோர்பால் பரிவு கொள்வது தவறன்று. கொடுமையைக் கொடுமையென்று கூறுவதும் கடமையே. ஆனால் பரிவு, மற்றவர் சாவில் மகிழ்ச்சியாக மாறும் இடம் ஒன்றுண்டு. அவ்விடத்தைக் காண்பது எளிதன்று. ஆகவே, போர்ச்செய்தி கேட்ட நாளில் சாமாயிகத்தில் அமரும்போது, ‘இன்று எவருடைய அழிவையேனும் விரும்பினேனா?’ என ஒருமுறை நம்மை நாமே வினவிக்கொள்வோம். ஆம் என்று உள்ளம் கூறுமாயின், அதற்கு வருந்தி மன்னிப்பு வேண்டுவோம். பூங்காவுக்கு வருந்தலாமா என்று வினவிய இளைஞருக்கு நாம் கூறும் விடை இதுவே: வருந்தலாம், அவ்வருத்தம் நம் நெஞ்சையும் சோதிக்கட்டும்.

அறம் வளர்க!