சுவரோரமா, அறையெங்குமா?

1970 மே மாத ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழில் நடுத்தர விலை ஸ்பீக்கர்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வந்தது. அதில் போஸ் 901 என்ற ஸ்பீக்கரைப் பற்றிச் சில பத்திகள். வயலின் பத்தடி அகலத்துக்கு விரிந்து கேட்கிறது, பியானோ இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நீள்கிறது, வாத்தியங்கள் அறையெங்கும் அலைவதுபோல் இருக்கிறது என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். ‘அறையெங்கும்’ என்ற அந்தக் கடைசிச் சொல் நீதிமன்றம் ஏறியது. வழக்கு முடிந்தது 1984-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில்.

போஸ் அன்று சிறிய நிறுவனம். எம்.ஐ.டி. பேராசிரியர் அமர் போஸ் 1964-இல் தொடங்கியது. பிரிட்டிஷாரிடமிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த வங்காள விடுதலைப் போராளி ஒருவரின் மகன் அவர். 1956-இல், மாணவராக இருந்தபோது, விவரக் குறிப்புகளைப் பார்த்து நல்லதென்று நம்பி ஒரு ஸ்டீரியோ வாங்கினார். கேட்டதும் ஏமாந்துபோனார். அந்த ஏமாற்றம்தான் அவரை ஒலி ஆராய்ச்சிக்குள் இழுத்தது. கச்சேரி அரங்கில் நம் காதுக்கு வரும் ஓசையில் பெரும்பங்கு சுவர்களில் பட்டுத் திரும்பி வருவது. வீட்டிலும் அப்படியே கேட்க வேண்டும் என்று 1968-இல் 901-ஐக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் ஒன்பது சிறிய ஒலிக்கூம்புகள். ஒன்று மட்டும் கேட்பவரைப் பார்க்கும், மற்ற எட்டும் பின்சுவரைப் பார்க்கும்.

இப்படிச் செய்தால் ஓசை பரந்துதான் வரும். சிலருக்கு அதுவே இன்பம், சிலருக்கு ஒற்றை வயலின் ஊதிப் பெருத்ததாகப்படும். காசு கொடுப்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்வது விமர்சகரின் கடமை. அதுவரை இதழின் மேல் குற்றமில்லை.

சிக்கல் அந்த ஒரு சொல்லில். தனியாக உட்கார்ந்து கேட்டவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவரான பொறியாளர் பின்னர் சாட்சிக் கூண்டில், ஓசை இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே சுவரோரமாக நகர்ந்ததையே அப்படிச் சொன்னதாக விளக்கினார். சுவரோரம் வேறு, அறையெங்கும் வேறு. பாடகரின் குரல் மேடைக்குள் கொஞ்சம் நகர்ந்தால் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். அதே குரல் முதுகுக்குப் பின்னால் சுற்றிவந்தால் அந்தப் பெட்டியை யார் வாங்குவார்?

இதைச் சொன்னது யார் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த இதழை வெளியிட்ட, 1936-இல் தொடங்கிய கன்ஸ்யூமர்ஸ் யூனியன் விளம்பரம் வாங்காது. சோதிக்கும் பொருளைத் தன் காசில் கடையில் வாங்கும். அந்த நேர்மையால்தான் மக்கள் அதை நம்பினார்கள். நம்பப்படுகிறவர் வாயிலிருந்து வரும் தவறான சொல், நம்பப்படாதவர் சொல்லும் பொய்யைவிட ஆழமாக வெட்டும். பல பொருள் விற்கும் பெருநிறுவனம் அந்த வெட்டைத் தாங்கும், ஒன்றிரண்டு மாதிரிகளை நம்பியிருக்கும் சிறிய தயாரிப்பாளருக்கு அது கடினம். போஸ் திருத்தம் கேட்டது. இதழ் மறுத்தது. இந்த விவகாரத்தில் மிகக் கனமான தவறு இந்த மறுப்புதான் என்று தோன்றுகிறது. அடுத்த இதழில் இரண்டு வரி போட்டிருந்தால் இதழின் மதிப்பு குறைந்திருக்காது.

விசாரணை நீதிமன்றம் போஸின் பக்கம் நின்றது. இவ்வளவு அறிவுள்ள பொறியாளர் ஒரு சாதாரணச் சொல்லுக்கு அப்படிப் பொருள் கொண்டிருக்க முடியாது, பொய்யென்று தெரிந்தே எழுதினார் என்றார் நீதிபதி. மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. உச்ச நீதிமன்றமும் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் இதழையே காத்தது. காதால் கேட்டதைச் சொல்லில் பிடிப்பது அரிது. பிடிக்கும்போது சொல் பிசகுவதை வேண்டுமென்றே சொன்ன பொய்யாகக் கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சரியான தீர்ப்பு. ஒவ்வொரு பிசகுக்கும் இழப்பீடு என்றால், வக்கீல் வைக்க வசதியுள்ளவர் மட்டுமே குறை சொல்ல முடியும். மற்றவர்கள் பாராட்டு மட்டும் எழுதுவார்கள். 2024-இல்கூட அமெரிக்காவில் ஒரு சிறு ஸ்பீக்கர் நிறுவனம், தன் பொருளை அளந்து குறை சொன்னவரை வழக்கு என்று மிரட்டியது. சிறிய நிறுவனம் என்பதால் இரக்கம் வரலாம். தனியாளை மிரட்டும்போது அந்த நிறுவனம்தான் பெரியது.

ஆனால் சட்டம் கேட்டது ஒரே கேள்வி: தெரிந்தோ, உண்மையைப் பற்றி அக்கறையே இல்லாமலோ எழுதினாயா? தவறு என்று தெரிந்த பிறகு என்ன செய்தாய் என்று அது கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு இதழிடம் நல்ல பதில் இல்லை. போஸிடமும் கேட்க ஒன்று உண்டு. விற்பவர் சொன்னதை நம்பி ஏமாந்த அனுபவத்தில் பிறந்த நிறுவனம், வாங்குபவருக்காகப் பேசுகிற ஒருவரை இத்தனை ஆண்டுகள் நீதிமன்றத்தில் நிறுத்தலாமா? திருத்தம் கேட்டது நியாயம். மறுத்தபின் வாசகர்களையே அழைத்து அந்தப் பெட்டியைக் கேட்க வைக்கும் வழியும் திறந்தே இருந்தது.

அந்தக் கட்டுரையிலேயே இன்னொரு யோசனையும் இருந்தது: புதுமையின் கவர்ச்சி தணிந்த பிறகும் இந்த ஓசை பிடிக்கும் என்று உறுதியாகும்வரை இவ்வளவு பணம் போடாதீர்கள் என்று. 901 விற்பனை 2016 வரை நீடித்தது. வாங்கியவர்களில் பலர் கேட்டுப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள்.