வாவு இரவு

கேரளத்து வித்துராக் கடைத்தெருவில் அமாவாசை என்றால் புரியும். ஆனால் அங்குள்ள மலையாளிகள் வாயில் வருவது கறுத்த வாவு. பவுர்ணமி வெளுத்த வாவு. நம்முடைய பழைய ‘உவா’தான் அது. காருவா, வெள்ளுவா என்று நாம் அகராதியில் பூட்டிவைத்ததை இவர்கள் மீன் வாங்கும்போதும் பேசுகிறார்கள்.

எனக்கு அந்தச் சொல் பயத்தோடு வந்து சேர்ந்தது. மலைமேல் போணக்காடு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். தம்பிக்கு வலிப்பு. கறுத்த வாவு நெருங்கினாலே அம்மா அவன் தலைமாட்டில் இரும்புச் சாவி வைப்பாள். அன்று ராத்திரி லயத்துப் பெண்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்து, கண் அசந்தால் தட்டி எழுப்புவார்கள். தூக்கத்தில் வந்துவிடுமோ என்ற பயம். விடியும் நேரத்தில் வெட்டி இழுக்கும். “பார்த்தியா, வாவு” என்பாள் அம்மா.

பிற்பாடு நர்ஸ் வேலைக்குப் படித்தபோது பாடத்தில் ஒரு வரி வந்தது: தூக்கம் கெட்டால் வலிப்பு தூண்டப்படும். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது நாங்கள்தான்.

வாவுக்குக் கடலே பொங்குகிறதே, உடம்பிலும் தண்ணீர்தானே என்று இன்னும் கேட்கிறார்கள். பூமியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நிலாவின் இழுப்பு வித்தியாசப்படுவதால் வருவது ஓதம். அதற்கு 12,700 கிலோமீட்டர் குறுக்களவு வேண்டும். என் தம்பி அப்போது நாலடி. பைத்தியம், கொலை, தற்கொலை எல்லாம் பவுர்ணமியில் கூடுகிறதா என்று 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ராட்டன், கெல்லி என்ற ஆய்வாளர்கள் 1985-இல் சொல்லும்படியாக ஒன்றுமில்லை என்றார்கள்.

ஆனால் தூக்க விஷயத்தில் நிலாவுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். அர்ஜென்டினாவின் தோபா பழங்குடியினர் பவுர்ணமிக்கு முந்தைய இரவுகளில் தாமதமாக, குறைவாகத் தூங்குகிறார்கள் என்று 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. எனக்கு அது புதிதில்லை. கரண்ட் இல்லாத எங்கள் லயத்தில் வளர்பிறை முழுக்க முற்றத்தில் பல்லாங்குழிதான்.

ஜோசியர்கள் சந்திரனை மனோகாரகன் என்பார்கள், மனத்தை ஆள்கிறவன். வேதத்தின் புருஷ சூக்தத்தில் வரிசை வேறு: அங்கே சந்திரன் ஆதிப் புருஷனின் மனத்தில் பிறக்கிறான். மனம் தாய், நிலா பிள்ளை. பிள்ளையைத் தாய்க்கு எஜமான் ஆக்கியது நம் பயம்.

இவ்வளவும் பேசிவிட்டு, கர்க்கடக வாவுக்கு, அதாவது நம் ஆடி அமாவாசைக்கு, திருவல்லம் பரசுராமர் கோயிலில் அம்மாவுக்குப் பலி (பிண்டம்) வைக்க வருஷம் தவறாமல் போகிறேன். செத்தவர்களை நினைக்க ஊருக்கு ஒரு பொது நாள் வேண்டும். அதை நிலா குறித்துக் கொடுக்கிறது. எனக்கு அது போதும். தம்பியும் வருவான். அன்றைக்கு ஒருவேளைதான் சாப்பாடு, ஆனால் மாத்திரையை விடமாட்டான். முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கே அவனைப் படுக்கச் சொல்லிவிடுவேன்.

உங்கள் வீட்டிலும் வலிப்புக்காரர் இருந்தால், வாவு இரவில் அவரைத் தூங்க விடுங்கள்.