பிறர் துயரை மூன்றடியில் பாடலாமா?

2020 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் நாள் விடியற்காலையில், அந்நாளில் ஔரங்காபாத் என வழங்கிய மராட்டிய நகருக்கு அருகே, இருப்புப்பாதையில் களைத்து உறங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு இரயிலில் அடிபட்டு மாண்டனர். பெருந்தொற்று ஊரடங்கினால் பிழைப்பு இழந்து, ஜால்னாவிலிருந்து தம் மாநிலமாகிய மத்தியப் பிரதேசம் செல்லக் கால்நடையாகப் புறப்பட்டவர்கள் அவர்கள். இரயில்கள் ஓடவில்லை என நம்பிப் பாதையிலேயே தலை சாய்த்துவிட்டனர். நாளேடுகளில் வெளிவந்த படத்தில், வழியுணவாக அவர்கள் கொண்டு சென்ற ரொட்டிகள் தண்டவாளத்தின் இடையே சிதறிக் கிடந்தன.

அப்படத்தைக் கண்ட ஒருவர் ஆங்கிலத்தில் ஹைகூ எழுதும் பழக்கமுடையவர் எனக் கொள்வோம். விடியல், தண்டவாளம், ரொட்டி. மூன்றடிகள் எளிதில் அமைந்துவிடும். ஆனால் அவற்றை அவர் எழுதலாமா? இது இலக்கிய வினா மட்டுமன்று, அறவினாவும் ஆகும்.

ஹைகூ ஜப்பானியர் கண்ட கவிதை வடிவம். 1916 ஆம் ஆண்டில் சுதேசமித்திரனில் எழுதிய கட்டுரையால் பாரதியார் அதனைத் தமிழர்க்கு அறிமுகப்படுத்தினார். 5, 7, 5 என்னும் ஒலியளவு அதன் மரபு. ஆங்கிலத்தின் அசையமைப்பு வேறாதலின், அம்மொழியில் எழுதுவோர் பலர் 17 அசைகளுக்கும் குறைவாகவே எழுதுகின்றனர். கண்டதைக் காட்டுக, கருத்துரை கூறற்க என்பது அவர்கள் போற்றும் நெறி. பருவங்களையும் இயற்கையையும் பாடிவந்த இவ்வடிவத்தில் போரும் வறுமையும் நிறவெறியும் இன்று இடம்பெறுகின்றன.

இதனை மறுப்போர், "மூன்றடி எழுதுவதால் யாருடைய பசி தீர்ந்தது?" என்பர். ஏற்போர், "கண்டும் வாளாவிருப்பது குற்றமன்றோ?" என்பர். இரண்டும் புறக்கணிக்கத் தக்கன அல்ல.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அதிகாரம் இங்கு நமக்கு வழிகாட்டுகிறது. எண்ணுதல், அதற்கு வேண்டுவன திரட்டுதல், செய்யத் தொடங்குதல் என மூன்று. மனம், வாக்கு, காயம் என மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயங்கள் நான்கு. இவற்றைப் பெருக்க வரும் 108 வகையாலும் உயிர்க்கு வினை வந்து சேர்கிறது. உடன்படுதலும் இக்கணக்கில் நிற்பதை நோக்குக. மௌனம் யாவும் உடன்பாடு ஆகாது. எனினும் பிறர் அழிவைக் கண்டு, "அது அவர்கள் வினைப்பயன்" என நெஞ்சம் ஆறுதல் கொள்ளுமாயின், அம்மௌனம் உடன்பாட்டிற்கு மிக அணித்தே உள்ளது. அந்த ஆறுதலைக் கலைக்கும் மூன்றடி பயனற்றதன்று.

ஆயினும் அதே சூத்திரம் கவிஞரையும் சோதிக்கிறது. ஆள்வோர்மீது கொண்ட சினத்தைத் தீர்க்க எழுதினால் அது குரோதம். தானே இரக்கமுடையவன் எனக் காட்ட எழுதினால் மானம். பாராட்டும் பரிசும் நாடி எழுதினால் லோபம். இவற்றினும் நுட்பமானது மாயை. அவர் கண்டது தண்டவாளத்தையன்று, நாளேட்டின் படத்தையே. அங்கே நின்றவர் போல எழுதின், ஒவ்வொரு சொல்லும் சரியாயிருப்பினும் கவிதை பொய்யாகிவிடும். மேலும், மாண்டவர்களின் மொழி ஆங்கிலமன்று. அக்கவிதை சென்றடைவது அவரைப் போன்று பாதுகாப்பாக அமர்ந்திருப்போரை. ஆதலின் மாண்டோர் சார்பில் பேசுவதாக அவர் உரிமை கொண்டாடுதல் தகாது. பிறர் துயரையும் தன் உடைமையாக்கிக் கொள்வது ஒருவகைப் பரிக்கிரகமே.

அமெரிக்காவின் காம்டன் நகரில் வாழ்ந்த நிக் விர்ஜிலியோ (1928–1989) இங்கு நினைக்கத் தக்கவர். 1967 இல் அவருடைய தம்பி வியட்நாம் போரில் உயிரிழந்தார். அவ்விழப்பை அவர் பல்லாண்டுகள் ஆங்கில ஹைகூக்களில் எழுதினார். போரைப் பற்றி அவர் கூறியது தம் இல்லத்தின் வாயிலில் நின்று கண்டது. அதனாலேயே அது நம்பத்தக்கதாயிற்று.

கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் மற்றொரு சான்று. 1940 இல் வெளிவந்த 'நேட்டிவ் சன்' புதினத்தால் நிறவெறியைச் சாடியவர் அவர். 1960 இல் பாரிஸில் மறைவதற்கு முந்திய ஏறத்தாழ ஒன்றரையாண்டில், நோயுற்ற நிலையில், சுமார் 4000 ஹைகூக்கள் எழுதினார். அவற்றுள் 817 பாடல்கள் 1998 இல் நூலாயின. அவற்றில் இயற்கையே மிகுதி. போராட்டத்தைக் கைவிட்டார் என ஒருசாரார் கூறலாம். மண்ணும் மழையும் தம் இனத்தார்க்கும் உரியவை என நிலைநாட்டினார் என மற்றொரு சாரார் கூறலாம். ஒரு நோக்கில் இதுவும் ஒரு நோக்கில் அதுவும் மெய் எனக் கொள்வதே அநேகாந்தம். உரத்த குரல் ஒன்றே அறத்தின் குரல் என நாம் முடிவு கட்டுதல் கூடாது.

அவ்வாறாயின், தண்டவாளத்து ரொட்டியைக் கண்டவர் எதனை எழுதலாம்? தன் கையிலிருந்த நாளேட்டையும், அதனருகே ஆறிக்கொண்டிருந்த தன் காலையுணவையும் சேர்த்து எழுதலாம். அவர் உண்மையில் கண்டது அதுதான். அவ்வாறு எழுதும்போது குற்றம் சாட்டும் விரல் முதலில் தன்னை நோக்கித் திரும்புகிறது. சினம் தணிந்து நாணம் பிறக்கிறது. நாள்தோறும் நம் பிழையை நாமே எண்ணி வருந்தும் பிரதிக்கிரமணத்தோடு அத்தகைய கவிதை உறவுடையது. அளவாகவும் நன்மை பயக்குமாறும் பேசுக என்னும் மொழிச் சமிதிக்கும் அது முரணாகாது.

ஆனால் பிரதிக்கிரமணம் செய்தவர் மீண்டும் அதே பிழைக்குத் திரும்பலாகாது. கவிதை எழுதி முடித்ததும் கடமை முடிந்தது எனக் கருதினால், அம்மூன்றடியும் வீணே. அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானங்களின் இடத்தை எக்கவிதையும் நிரப்பாது. நடந்து செல்வோர்க்கு நீரும் உணவும் நிழலும் அளிக்கக் கை நீளுமாயின், எழுதிய கைக்கு அதுவே அழகு. எழுதுவோம், எழுதியபின் எழுந்து செல்வோமாக.